வயலுக்கு நடுவே ஒரு வெதர் ஸ்டேஷன்: வாங்கலாமா?

நாளைக்கு மழை வருமா என்று தெரிந்துகொள்வதற்காக வெதர் ஸ்டேஷன் வாங்க நினைப்பவர்கள் அந்தப் பணத்தை வேறு செலவுக்கு வைத்துக்கொள்ளலாம். நேற்று ராத்திரி நம் வயலில் என்ன நடந்தது என்று தெரிய வேண்டும் என்பவர்கள் தாராளமாக வாங்கலாம். மழைக்காலம், பனிக்காலம், கோடை மூன்றையும் இதோடு கடந்த பிறகு சொல்கிறேன். நான் நெல்லும் தக்காளியும் போடுகிறவன். அந்த இரண்டு பயிரை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது கம்பத்தில் பொருத்தும் சாதாரண வகை. மழைமானி, வெப்பநிலை, ஈரப்பதம், காற்றின் வேகம், திசை, வெயிலின் அளவு எல்லாம் ஒரே உடம்பில் வந்துவிடும். மேலே சின்ன சோலார் பேனல், உள்ளே பேட்டரி. வீட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ள ஒரு திரை. அது வைஃபை வழியாகப் போனில் உள்ள ஆப்புக்கு விவரங்களை அனுப்பும். இதோடு தனியாக ஒரு வெப்பநிலை, ஈரப்பத சென்சாரும் சேர்த்து வாங்கினேன். பல பெயர்களில் விற்றாலும் உள்ளே இருக்கும் சாமான் பெரும்பாலும் ஒரே மாதிரிதான், அதனால் எந்த கம்பெனி என்று பார்க்காமல் இந்த வகையைப் பற்றியே சொல்கிறேன்.

அந்தத் தனி சென்சார்தான் எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது. ஸ்டேஷன் மேட்டு வயலில் நிற்கிறது. சென்சாரைத் தரையிலிருந்து நூலடித்த மாதிரி அதே உயரத்தில் பள்ள வயலில் கட்டினேன். இரண்டுக்கும் நடுவே நடந்து போகிற தூரம்தான். பகலில் இரண்டும் ஒரே கணக்கைத்தான் காட்டும். மேகமில்லாமல், காற்றும் இல்லாமல் இருக்கிற ராத்திரியில் பாருங்கள்: விடியற்காலையில் பள்ள வயல் மேட்டு வயலைவிட இரண்டு, மூன்று டிகிரி குளிர்ந்து கிடக்கும். ராத்திரியில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். அதை ஒட்டியிருக்கும் காற்று குளிர்ந்து, கனத்து, தண்ணீர் மாதிரியே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். மேகம் மூடியிருந்தாலோ கொஞ்சம் காற்று அடித்தாலோ இந்த வித்தியாசம் காணாமல் போய்விடும்.

பள்ள வயல் தக்காளி மட்டும் ஏன் முதலில் கருகுகிறது என்று எங்கள் வீட்டில் ரொம்ப நாளாகப் பேச்சு. மண் சரியில்லை என்பார் அப்பா, விதை சரியில்லை என்பார் பக்கத்து வயல் பெரியப்பா. ஆப்பில் ஈரப்பதக் கோட்டைப் பார்த்தபோது விஷயம் தெளிவாகிவிட்டது. மேட்டில் காலை ஏழு மணிக்கெல்லாம் 90 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடுகிற ஈரப்பதம், பள்ளத்தில் ஒன்பது, ஒன்பதரை வரைக்கும் இறங்குவதில்லை. இலையைத் தொட்டால் கை நனைகிறது. நோய்க்கிருமிக்கு அந்தக் கூடுதல் இரண்டு மணி நேரம் பெரிய உதவி.

பின்பருவ இலைக்கருகல் நோயைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்துப் பெரும் பஞ்சத்துக்கு வழி செய்த அதே கிருமிதான் தக்காளியையும் தாக்குகிறது. பிரிட்டனில் உருளைக்கிழங்குக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். தொடர்ந்து இரண்டு நாட்கள் குறைந்தபட்ச வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே போகாமல், இரண்டு நாட்களிலும் குறைந்தது 6 மணி நேரம் ஈரப்பதம் 90 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் எச்சரிக்கை கொடுத்துவிடுவார்கள். முன்பு 11 மணி நேரம் என்று இருந்தது, 2017இல் அதை 6 ஆகக் குறைத்தார்கள். திராட்சையில் அடிச்சாம்பல் நோய்க்கு ‘மூன்று பத்து’ என்று ஒரு பழைய கணக்கு உண்டு: 10 டிகிரி வெப்பம், 10 மில்லிமீட்டர் மழை, 10 சென்டிமீட்டர் வளர்ந்த துளிர். மூன்றும் சேர்ந்தால் நோய் தொடங்கலாம். இப்படிப்பட்ட கணக்கைப் போட வேண்டுமானால் நம் வயலின் எண் நம் கையில் இருக்க வேண்டும். தூரத்து நகரத்தில் எடுத்த அளவை வைத்து மருந்து அடித்தால் தேவையில்லாத நாளில் அடிப்போம், தேவையான நாளை விட்டுவிடுவோம். இப்போது இரண்டு ராத்திரி ஈரப்பதம் தொடர்ந்து உயர்ந்தே இருந்தால் நான் பள்ள வயலுக்கு மட்டும் மருந்து அடிக்கிறேன். மேட்டு வயலுக்கு அந்தச் செலவு மிச்சம், அங்கே உலவும் நல்ல பூச்சிகளும் பிழைத்துக்கொள்கின்றன.

சரி, இதெல்லாம் வானிலை ஆப்பில் வராதா என்று கேட்பார்கள். வராது. வானிலையைக் கணினியில் கணக்கிட்டுச் சொல்லும் மாதிரிகளில் (மாடல்களில்) ஐரோப்பிய வானிலை மையத்தினுடையதுதான் உலக அளவில் பெரிதும் நம்பப்படுவது. அதுவே பூமியைச் சுமார் 9 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துத்தான் கணக்குப் போடுகிறது. அமெரிக்க மாதிரியில் கட்டம் சுமார் 13 கிலோமீட்டர். என் மேடும் பள்ளமும், பெரியப்பாவின் வயலும், இன்னும் எத்தனையோ பேரின் நிலமும் அந்த ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். காற்றழுத்தத் தாழ்வு எந்தப் பக்கம் நகர்கிறது, அடுத்த வாரம் வறட்டுக் காற்றா ஈரக் காற்றா என்பதற்கு அந்த மாதிரிகள் அருமையானவை, நானும் தினமும் பார்க்கிறேன். ஆனால் கட்டத்துக்குள்ளே நடப்பதை வயலில் நிற்கிற கருவிதான் சொல்ல முடியும்.

மழைமானி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உள்ளே சீசா பலகை மாதிரி இரண்டு சின்னக் கிண்ணங்கள். புனல் வழியாக வரும் தண்ணீர் ஒன்றில் நிறைந்ததும் அது கவிழும், அடுத்தது மேலே வரும். ஒவ்வொரு கவிழ்ப்பையும் கருவி எண்ணிக்கொள்ளும். கிறிஸ்டோபர் ரென் 1662 வாக்கில் செய்து பார்த்த யோசனை, இன்னும் அதேதான். அதற்கும் முன்னால், 1441–42இலேயே கொரியாவில் செஜோங் மன்னர் காலத்தில் ஒரே அளவான மழைமானிகளைச் செய்து ஊர்களுக்கு அனுப்பி, மழையை அளந்து தெரிவிக்கச் சொன்னார்கள். விளைச்சலுக்கும் மழைக்கும் கணக்குப் பார்க்கிற எண்ணம் அவ்வளவு பழையது.

தூறலில் இந்தக் கிண்ணம் சரியாக வேலை செய்கிறது. கொட்டும் மழையில் குறைத்துக் காட்டுகிறது. கிண்ணம் கவிழ்கிற அந்த நொடியில் விழும் தண்ணீர் கணக்கில் வராது என்பதுதான் காரணம். பக்கத்திலேயே ஒரு சாதாரண பிளாஸ்டிக் மழைமானியை நட்டு வைத்திருக்கிறேன். கனமழை நாட்களில் அதில் இருப்பதைவிடக் கருவி பத்தில் ஒரு பங்கு வரை குறைவாகச் சொல்கிறது. மொத்த மழைக்கு நான் பிளாஸ்டிக் குவளையைத்தான் நம்புகிறேன். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். ஏக்கருக்கு நாலாயிரம் லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. 25 மில்லிமீட்டர் பெய்தால் ஏக்கருக்கு ஒரு லட்சம் லிட்டர் இறங்கியிருக்கிறது. இந்தக் கணக்கு மனதில் பதிந்துவிட்டால் மோட்டார் போடுகிற முடிவே மாறிவிடும்.

அப்படியானால் கருவியின் மழைமானி எதற்கு? மழை எவ்வளவு வேகமாகப் பெய்தது என்பதற்கு. அந்த விவரத்தைக் குவளையால் சொல்ல முடியாது. ராத்திரி முழுக்கத் தூறி 40 மில்லிமீட்டர் சேர்ந்தால் மண் அப்படியே குடித்துவிடும், மறுநாள் பதம் பார்த்து ஏர் பூட்டலாம். அதே 40 மில்லிமீட்டர் அரை மணி நேரத்தில் கொட்டினால் பாதிக்கு மேல் வரப்பைத் தாண்டி ஓடும், மேல்மண்ணையும் கூட்டிக்கொண்டு போகும், முளைத்து வரும் விதைக்கு மேலே மண் இறுகி ஏடு கட்டிவிடும். மொத்தத்தை மட்டும் எழுதி வைத்தால் இரண்டு நாளும் நோட்டில் ஒன்றுதான். காற்று ஒரு டிகிரி சூடாகும்போது அதனால் சுமக்க முடிகிற நீராவி சுமார் 7 சதவீதம் கூடுகிறது. உலகம் சூடேற ஏறப் பல இடங்களில் மழை நாட்கள் கூடாமலேயே கொட்டும் மழை கூடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ‘போன வருஷ மழைதானே, ஏன் இந்தத் தடவை கிணறு நிறையவில்லை’ என்று கேட்பவர்களுக்கு நான் அந்த வேகக் கோட்டைத்தான் காட்டுகிறேன். கிணறு நிறைவதற்கு மழை மண்ணுக்குள் இறங்க வேண்டும், இறங்க அவகாசம் வேண்டும்.

நெல்லுக்கு இந்தக் கருவி உதவியது வேறு வழியில். பகல் வெயிலைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், ராத்திரி வெக்கையைக் கவனிப்பவர் குறைவு. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1979 முதல் 2003 வரையான பதிவுகளை எடுத்துப் பார்த்தபோது, பகலின் அதிகபட்ச வெப்பநிலை 0.35 டிகிரிதான் ஏறியிருந்தது. ராத்திரியின் குறைந்தபட்சம் 1.13 டிகிரி ஏறியிருந்தது. வறண்ட பருவத்து நெல்லில் அந்தக் குறைந்தபட்சம் 1 டிகிரி கூடும்போது விளைச்சல் சுமார் 10 சதவீதம் சரிந்ததாக 2004இல் வெளியிட்டார்கள். பகலில் பயிர் சம்பாதித்ததை வெக்கையான ராத்திரியில் மூச்சு விட்டே செலவழித்துவிடுகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. இதைப் படித்த பிறகு நான் காலையில் எழுந்ததும் முதலில் பார்ப்பது ராத்திரிக் குறைந்தபட்சத்தைத்தான்.

பகல் வெயிலும் சும்மா விடாது. நெல் பெரும்பாலும் காலையிலிருந்து மதியத்துக்குள் பூத்து முடிக்கும். அந்த நேரத்தில் பூவின் அருகே 35 டிகிரிக்கு மேல் ஒரு மணி நேரம் நின்றாலே மகரந்தம் சரியாகக் கொட்டாமல் மணி பதராகிவிடலாம். கதிர் இன்னும் தண்டுக்குள் இருக்கும் தொண்டைக் கதிர் பருவத்தில் கடும் குளிர் அடித்தாலும் பதர்தான். ஆக, எந்தத் தேதியில் நட்டால் எந்த வாரத்தில் பூக்கும் என்பதுதான் கேள்வி. 1735இலேயே ரியோமூர் என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு யோசனை சொன்னார்: பயிர் நாட்காட்டியைப் பார்த்து வளர்வதில்லை, தினசரி வெப்பத்தைச் சேர்த்துக்கொண்டே வளர்கிறது. ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பநிலையிலிருந்து பயிர் வளரத் தேவையான அடிப்படை வெப்பநிலையைக் கழித்து, மிச்சத்தைக் கூட்டிக்கொண்டே வந்தால் பூக்கும் நாளை ஓரளவு முன்கூட்டியே சொல்லலாம். மக்காச்சோளத்துக்கு அந்த அடிப்படை 10 டிகிரி. ஆப்பில் இந்தக் கூட்டலுக்கு ஒரு பொத்தான் இருக்கிறது. பயிரின் பெயரைக் கேட்காது, அடிப்படை வெப்பநிலையை நாமே கொடுக்க வேண்டும். வாங்குபவர்களில் பலர் திறந்தே பார்க்காத வசதி இது, எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

தக்காளிக்கு ராத்திரி இன்னும் முக்கியம். ராத்திரி 21 டிகிரிக்குக் கீழே இறங்காமலே இருந்தால் பூ பிடிப்பது குறைகிறது, 13க்குக் கீழே போனாலும் குறைகிறது. பூ கொட்டும்போது உரம் போதவில்லை என்று மூட்டை மூட்டையாகக் கொட்டுவது வழக்கம். குறைந்தபட்ச வெப்பநிலைக் கோட்டைப் பார்த்தால் அந்த வாரம் உரத்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று தெரிந்துவிடும்.

இனி குறைகள்.

சுவர்த் திரையில் வெயில், மேகம், மழை என்று படம் போட்டுக் காட்டுகிற முன்னறிவிப்பு வேலைக்கு ஆகாது. அது காற்றழுத்தம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்வது. வெப்ப மண்டலத்தில் காற்றழுத்தம் தினமும் தானாகவே காலை பத்து மணி வாக்கில் உச்சத்துக்குப் போய், சாயங்காலம் நாலு மணி வாக்கில் இரண்டு மூன்று ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) இறங்கும். கருவி அதைப் பார்த்து மழை வருவதாக நினைத்துக்கொள்கிறது. பளீரென்று வெயில் அடிக்கிற சாயங்காலத்தில் மழை படம் வந்து நிற்கும். பெரியப்பா அதைப் பார்த்துவிட்டு, “தம்பி, நெல்லைக் காயப்போட்டிருக்கேன், உன் மிஷின் மழைங்குதே, அள்ளட்டுமா?” என்று ஓடி வந்தார். அன்றைக்கே அந்தப் படத்தின் மேல் ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டேன்.

ஈரப்பத சென்சார் வாங்கின புதிதில் நன்றாக இருந்தது. போகப்போக, மூடுபனியில் நிற்கும்போதுகூட 95ஐத் தாண்ட மறுக்கிறது. நோய்க் கணக்குக்கு 90க்கு மேலேதான் துல்லியம் வேண்டும், அங்கேதான் இது பலவீனம். விற்றவரிடம் கேட்டால் ‘அப்படித்தான் இருக்கும்’ என்ற ஒரே பதில். சென்சாரை மட்டும் தனியாக மாற்றித் தரவும் வழியில்லை. சென்சாரைத் தனியே கழற்றி மாற்ற முடிகிற மாடலாகப் பார்த்து வாங்குவது நல்லது.

காற்றின் வேகம் பாதிக்குத்தான் பயன். வானிலை நிலையங்களில் திறந்தவெளியில் 10 மீட்டர் உயரத்தில் அளக்க வேண்டும் என்பது விதி. இது நிற்பதோ ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே. அதனால் வானிலை அறிக்கையில் வரும் வேகத்தோடு இதை ஒப்பிட முடியாது. மருந்து அடிக்க மட்டும் இந்த உயரமே போதும். மணிக்கு 15 கிலோமீட்டருக்கு மேல் அடித்தால் மருந்து பக்கத்து வயலுக்குப் போய்விடும். காற்றே இல்லாத விடியற்காலையும் நல்லதல்ல. குளிர்ந்த காற்று தரையோடு தேங்கி நிற்கும்போது நுண்ணிய துளிகள் கீழே விழாமல் மிதந்து, நினைக்காத இடத்துக்கு நகர்ந்துவிடும். இலை அசைகிற அளவுக்கு லேசான, ஒரே திசைக் காற்று இருக்கும் நேரம்தான் சரி. இப்போது சுற்றியுள்ளவர்கள் மருந்து அடிப்பதற்கு முன்னால் என்னிடம் காற்றைக் கேட்டுவிட்டுப் போகிறார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான், என் வயலுக்கும் அவர்கள் மருந்து வராது.

பாசனக் கணக்கில் பாதி நன்று. வெப்பம், ஈரப்பதம், காற்று, வெயில் நான்கையும் வைத்து மண்ணிலிருந்தும் பயிரிலிருந்தும் எவ்வளவு தண்ணீர் ஆவியாகப் போனது என்று ஆப் தினமும் சொல்கிறது. உலக உணவு, வேளாண்மை அமைப்பு 1998இல் வகுத்துக் கொடுத்த முறை அது. அந்த எண்ணை, ஒவ்வொரு பயிருக்கும் என்று வைத்திருக்கும் பெருக்கு எண்ணால் (பயிர்க் கெழு) பெருக்க வேண்டும். முழுதாக வளர்ந்த தக்காளிக்கு 1.15. ஆப் 4 மில்லிமீட்டர் என்றால் தக்காளிக்கு 4.6, ஏக்கருக்குச் சுமார் 18,600 லிட்டர். மேகம் போட்ட நாளில் இது பாதியாகவே இறங்குவதைப் பார்க்கலாம். சொட்டுநீர் எத்தனை மணி நேரம் ஓட வேண்டும் என்று இதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறேன். ஆனால் கம்பத்தின் நிழலோ பறவை எச்சமோ வெயில் சென்சாரில் விழுந்தால் கணக்கு கெட்டுவிடும், வாரம் ஒரு தடவை ஈரத் துணியால் துடைக்க வேண்டியிருக்கிறது.

பராமரிப்பு இல்லாத கருவி என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். மழைமானியின் புனலில் சிலந்தி வலை கட்டும், காய்ந்த இலை அடைக்கும். வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது திரையில் சுழியம் நின்றால் புனலைப் பார்க்க வேண்டியதுதான். வெப்பநிலை சென்சாரை மூடியிருக்கும் வெள்ளைத் தட்டுகளுக்கு நடுவே குளவி கூடு கட்டினால் வெப்பநிலை பகலில் கூடுதலாகக் காட்டும். நிறுவும்போது மழைமானியைச் சுற்றி மரமோ வீடோ இருந்தால், அதன் உயரத்தைப் போல இரண்டு மடங்காவது தள்ளி நட வேண்டும். வெப்பநிலை சென்சார் தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டர் முதல் இரண்டு மீட்டர் உயரத்தில், புல்தரை மேலே, சிமென்ட் களத்திலிருந்து விலகி இருக்க வேண்டும். களத்தின் ஓரத்தில் நட்டால் களத்தின் சூட்டைத்தான் அளந்துகொண்டிருப்போம்.

ஒரு வருஷப் பதிவை வைத்துக்கொண்டு தட்பவெப்பம் மாறிவிட்டது என்று சொல்ல முடியாது. உலக வானிலை அமைப்பு சராசரி என்று சொல்வது 30 ஆண்டுக் கணக்கை, இப்போது 1991 முதல் 2020 வரை. நடுவில் பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ வந்தால் ஒரு வருஷமே தலைகீழாகிவிடும். 2015–16ஐயும் 2023–24ஐயும் விவசாயம் செய்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதனால் மாதக் கடைசியில் ஆப்பிலிருந்து பதிவுகளை இறக்கித் தனியாகச் சேமித்து வையுங்கள். கம்பெனி தன் சர்வரில் ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருப்பதில்லை, இது எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது. அப்பாவின் மழை நோட்டு இன்னும் அலமாரியில் இருக்கிறது. அதோடு என் பதிவையும் தேதி வாரியாக ஒரே கோப்பில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.

யாருக்கு வேண்டாம்? வயல் முழுதும் ஒரே மட்டமாக இருந்து, பக்கத்திலேயே நல்ல வானிலை நிலையம் இருந்தால் ஒரு குவளை மழைமானியும், அதிகபட்சம் குறைந்தபட்சம் காட்டும் வெப்பமானியும் போதும். வயலில் வைஃபை எட்டாதவர்கள் சிம் கார்டு போடுகிற மாடலைப் பார்க்க வேண்டும், அல்லது திரை வரை ரேடியோ எட்டுகிறதா என்று நடந்து பார்த்துவிட்டு வாங்க வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் தூரம் திறந்தவெளிக்கு. நடுவில் தென்னையோ சுவரோ வந்தால் பாதிகூட எட்டாது. காய்கறி, பழத்தோட்டம், மேடும் பள்ளமுமான நிலம் என்றால் வாங்கலாம். வாங்கினால் அந்தத் தனி சென்சாரையும் மறக்காமல் சேர்த்து வாங்கி, உங்கள் நிலத்திலேயே தாழ்வான மூலையில் முதலில் அதைக் கட்டுங்கள்.